தூணுக்காக வளர்ந்த காடு

16-ம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் புதியதோர் ஆசை பரவியது. செல்வந்தர்களும் போர்த்தலைவர்களும் தங்கள் தோட்டத்து மூலையில் குடியானவன் குடிசையைப் போல ஒரு சிற்றறையைக் கட்டி, அதில் தரையில் அமர்ந்து தேநீர் அருந்த விரும்பினார்கள். அந்த ஆசைக்கு இலக்கணம் வகுத்தவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் அமைத்ததாகக் கருதப்படும் தேநீர் அறைகளில் இன்றும் நிற்பது யாமாசாகியில் உள்ள ‘தாய்-ஆன்’ ஒன்றுதான். இரண்டே பாய் விரிக்கிற இடம். எப்பேர்ப்பட்ட பிரபுவும் குனிந்து தவழ்ந்துதான் உள்ளே நுழையவேண்டும்.

இப்படிப்பட்ட அறையில் தங்கப்பூச்சு கிடையாது, சித்திர வேலை கிடையாது. மண்சுவரும் மரமும்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் மரத்தில் ஒரு குறை இருந்தால் அதை மறைக்க வழியே இல்லை. கோயிலுக்கும் கோட்டைக்கும் நிறுத்துகிற சதுரத் தூண் இங்கே எடுபடாது. பட்டையை மட்டும் உரித்த, மரத்தின் இயற்கையான உருண்டை கெடாத மெல்லிய தூண் வேண்டும். கூரைக்குக் கைமரங்கள் வேண்டும். அவை அடியிலும் நுனியிலும் கிட்டத்தட்ட ஒரே பருமனாக, ஒரு கணுகூட இல்லாமல், பிடித்த பிடியில் நேராக இருக்கவேண்டும். தானாக முளைத்த காட்டில் இப்படி ஒரு மரத்தைத் தேடினால் அபூர்வமாக ஒன்று கிடைக்கும். ஒரு வீட்டுக்குத் தேவையான அத்தனையும் ஒரே மாதிரி வேண்டுமென்றால், யாராவது அதை வளர்த்துத்தான் ஆகவேண்டும்.

வளர்க்க முன்வந்தவர்கள் நகரத்துக்கு வடமேற்கே, கிதாயாமா மலையிடுக்குகளில் வாழ்ந்தவர்கள். கியோதாகி ஆற்றங்கரையில் உள்ள நாககாவா என்ற சிற்றூர் இந்தத் தொழிலின் தாய்வீடு. முரோமாச்சி காலத்தில் (1336–1573) தொடங்கிய வேலை அங்கே இன்றுவரை நடக்கிறது. ஊரின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். இருபுறமும் செங்குத்தான சரிவு. நெல் விளைய சமதளம் இல்லை. வெயில் குறைவு, குளிர் அதிகம். பெரிய மரத்தை வெட்டினாலும் அந்த நாளில் அதை வெளியே கொண்டுபோகத் தோதான பாதை இல்லை. மெல்லிய தூண் என்றால் ஓர் ஆளே சுமந்துவிடலாம். எடைக்கு நல்ல விலையும் கிடைக்கும். நாககாவாப் பெண்கள் அந்தத் தூண்களைத் தலைச்சுமையாகத் தூக்கி, கியோமிக் கணவாயைத் தாண்டி, நகரத்தின் விளிம்பில் இருந்த தாககாமினே வணிகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தேநீர் அறையின் அடக்கமும் மலையூரின் வறுமையும் ஒரே பொருளில் வந்து பொருந்தின.

நேராக வளர்வது மரத்தின் இயல்பா?

இந்தக் கதையின் நாயகன் ‘சுகி’ என்ற ஊசியிலை மரம். சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, ஜப்பானின் சொந்த மரம். டார்ஜீலிங் மலைப்பாதையின் இருபுறமும் வானுயர நின்று மூடுபனியைச் சல்லடையிடும் ‘துப்பி’ மரங்களைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தவர்களே. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே கொண்டுவந்து நட்டது இந்த மரத்தைத்தான்.

சுகிக்கு நிமிர்ந்து வளரும் குணம் உண்டு. ஆனால் அதைக் கெடுக்கப் பல சக்திகள் காத்திருக்கின்றன. பனி கன்றை அழுத்திச் சாய்க்கும். சரிவில் மண் மெல்ல நழுவ, அடிமரம் வளைந்து எழும். கொடி சுற்றி இறுக்கினால் தண்டில் வடு விழும். ஒருபக்கம் மட்டும் வெளிச்சம் கிடைத்தால் அந்தப்பக்கக் கிளைகள் பருத்து மரம் கோணும். இதெல்லாம் அழகுப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சாய்ந்து வளரும் ஊசியிலை மரம், தன்னை நிமிர்த்திக்கொள்வதற்காகச் சாய்வின் அடிப்பக்கத்தில் அடர்த்தியான, கருத்த ஒருவகைக் கட்டையைச் சேர்த்துக்கொள்கிறது. அறுத்துக் காயப்போட்டால் அந்தப் பகுதி மற்றப் பகுதியைப்போலச் சுருங்காது. பலகை முறுக்கிக்கொள்ளும். ஆக, தச்சன் பட்டறையில் தெரியவரும் குற்றம், கன்றுப் பருவத்திலேயே மரத்துக்குள் எழுதப்பட்டுவிடுகிறது.

கணுவும் அப்படித்தான். ஒவ்வொரு கிளையும் தண்டின் நடுவிலிருந்து கிளம்புகிறது. தண்டு பருக்கப் பருக்க அந்தக் கிளையின் அடி உள்ளே புதைகிறது. உயிரோடு இருந்த கிளை என்றால் கட்டையோடு ஒட்டிய கணு. காய்ந்து நின்ற கிளை என்றால் பலகையிலிருந்து கழன்று விழும் கணு. கணு வேண்டாம் என்றால் கிளை விரல் கனமாக இருக்கும்போதே அதை நீக்கி, மேலே சுத்தமான கட்டை படரவேண்டிய ஆண்டுகளைக் கொடுக்கவேண்டும்.

முப்பது ஆண்டு வேலை

நாககாவாவில் கன்று, விதையிலிருந்து வருவதில்லை. நல்ல மரத்தின் கிளையை ஒடித்து, போத்து நட்டு வேர்பிடிக்க வைக்கிறார்கள். விதைக் கன்று ஒவ்வொன்றும் ஒரு குணமாக இருக்கும். போத்து தாயின் அச்சாகவே வளரும். ஊரின் ஹாச்சிமான் கோயில் வளாகத்தில் நிற்கும் ஒரு முதுமரத்தை, அறுநூறு வயதான ‘தாய்மரம்’ என்று அந்த ஊர் வணங்குகிறது. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே சீர் என்று தூண்கள் வரிசையாக வேண்டுமென்ற தேவை, நாற்றங்காலிலேயே பதில் பெற்றுவிடுகிறது.

நட்டபிறகு முதல் சில கோடைகள் களை வெட்டுவதிலேயே கழியும். அந்த ஊரின் கோடை மழையும் வெக்கையும் கலந்தது. புல்லும் புதரும் கன்றை மூடிவிடும். கொடிகளை அறுத்துவிடவேண்டும். பனி கனமாக விழும் மலைகளில், வசந்தத்தில் பனி உருகியதும், படுத்துக்கிடக்கும் கன்றுகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். ஒரு மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குக் கயிறு கட்டுவது என்றால் எவ்வளவு குனிதல், எவ்வளவு நிமிர்தல் என்று எண்ணிப் பாருங்கள். நேரான மரம் என்று நாம் சொல்லிவிட்டுப் போகிற ஒன்றில் இந்த முதுகுகளின் வலி இருக்கிறது.

ஆறேழு வயதில் முதல் கவாத்து. அதன்பின் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. குளிர்காலத்தில், மரம் உறங்கும் நேரத்தில், இடுப்பில் வெட்டுக்கத்தியோடு ஏணியில் ஏறுவார்கள். கீழிருந்து மேலாகக் கிளைகளை நீக்கி, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலையை விட்டுவைப்பார்கள். வெட்டு தண்டோடு ஒட்டி விழவேண்டும்; குச்சி நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது, தண்டின் பட்டை கிழியவும் கூடாது. கிழிந்தால் அந்தக் காயம் கறையாகக் கட்டைக்குள் இறங்கும். முப்பது ஆண்டு கழித்துத் தூணை மெருகிடும்போது அது வெளியே வந்து நிற்கும். தேர்ந்த ஆட்கள் ஒரு மரத்தை முடித்ததும் கீழே இறங்காமல், உச்சியை ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவிவிடுவார்கள். யசுனாரி கவாபாத்தா 1962-ல் நூலாக வெளியிட்ட ‘கோத்தோ’ நாவலின் ஒரு பகுதி இந்த ஊரில்தான் நடக்கிறது. பிரிந்து வளர்ந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி நகரத்துத் துணிக்கடை வீட்டில் வளர, மற்றவள் இங்கே தூண் தேய்த்துப் பிழைக்கிறாள்.

இந்தக் கவாத்துக்குள் இருக்கும் அறிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. இலைதான் மரத்தின் அடுப்பு. இலையைக் குறைத்தால் ஒவ்வோர் ஆண்டும் சேரும் வளையம் மெலியும், வளையங்கள் நெருங்கும், கட்டை இறுகும். இன்னொன்றும் நடக்கிறது. இலைக்கொத்து உச்சிக்குப் போய்விட்டதால், புதிய கட்டை இலைக்குப் பக்கத்தில், அதாவது தண்டின் மேற்பகுதியில் கூடுதலாகவும், அடியில் குறைவாகவும் சேர்கிறது. அடி பருத்து நுனி சிறுக்கும் வழக்கம் குறைந்து, மேலும் கீழும் ஒரே பருமனாகத் தண்டு உருள்கிறது. வளர்ச்சியைக் கூட்டுவது எளிது. மரத்தைக் கொல்லாமல் வளர்ச்சியை இவ்வளவு நுட்பமாகக் குறைப்பதற்குத் தலைமுறைகளின் கண் வேண்டும். அந்தக் கணக்கைத் தாவரவியல் பாடநூல் எதுவும் இல்லாத காலத்தில், மரத்தின் மேலேயே உட்கார்ந்து அவர்கள் கற்றார்கள்.

வெட்டுவதற்கு முன்னும் உச்சிக் கிளைகளில் கொஞ்சத்தைக் குறைத்து மரத்தை ஒருமுறை ‘இறுக்குவார்கள்’. வெட்டியபிறகு அவசரம் கிடையாது. கோடை வெக்கையில் வெட்டினால், காட்டிலேயே பட்டை உரித்து, நுனி இலையோடு நிற்கும் மரங்கள்மீது சாய்த்து வைப்பது பழைய முறை. உச்சியிலுள்ள இலைகள் தண்டிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். பிறகு ஊருக்குக் கொண்டுவந்து, தூணின் பின்புறம் வரப்போகும் பக்கத்தில், நுனி முதல் அடி வரை நடுவைத் தொடுமளவு ஒரு கீறல் அறுத்து, அதில் ஆப்பு வைப்பார்கள். மரம் காயும்போது எங்கேயாவது வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பை யாரும் பார்க்காத பக்கத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் முகம் பிளக்காது.

கடைசியில் மெருகு. ஊருக்கு அருகே ‘போதாய்’ என்றோர் அருவி இருக்கிறது. அதன் அடியில் கிடைக்கும் நுண்மணலைக் கையால் தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்துத்தான் தூணைப் பளபளக்க வைப்பது பழைய வழக்கம். அது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. குளிர்காலத்து ஆற்றுநீரில் கை மரத்துப்போகும்வரை தேய்த்திருக்கிறார்கள். பட்டுப்போல மினுங்கும் அந்தத் தூண்களைப் பற்றி எழுதிய கலை விமர்சகர்கள் தேநீர் ஆசான்களின் பெயரைச் சொல்கிறார்கள். தேய்த்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை. இது எனக்கு உறுத்துகிறது.

வழவழப்பு மட்டுமே விலை போகவில்லை. இயற்கையிலேயே தண்டில் வரிவரியாகச் சுருக்கம் விழுந்த சில மரங்கள் உண்டு. அவற்றிலிருந்தும் போத்து எடுத்துப் பெருக்கினார்கள். பின்னர் நிற்கும் மரத்தைச் சுற்றிக் குச்சிகளை வைத்துக் கம்பியால் கட்டி, இரண்டாண்டு வளரவிட்டுச் சுருக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கவும் கற்றார்கள். இந்தத் தூண்களெல்லாம் போய்ச் சேரும் இடம், ஜப்பானிய வீட்டின் விருந்தினர் அறையில் உள்ள ‘தோகோனோமா’ என்ற மாடம். ஓவியச்சுருளும் பூச்சாடியும் வைக்கிற அந்த மாடத்தின் ஓரத்தில் நிற்கும் ஒற்றைத் தூண், அந்த வீட்டின் மரியாதை.

மரத்தின்மேல் மரம்

கைபேசியில் ஒரு படம் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. பருத்த, முண்டு முண்டான ஓர் அடிமரம். அதன் தலையில் மேசைமேல் நட்டது போலப் பத்துப் பதினைந்து மெல்லிய மரங்கள் நேராக எழுந்து நிற்கும். ‘மரத்தை வெட்டாமலே மரம் எடுக்கும் ஜப்பானியர்’ என்று கீழே எழுதியிருக்கும். இதன் பெயர் ‘டாய்சுகி’. பிறந்த இடம் இதே கிதாயாமா.

படம் உண்மை. அதோடு ஒட்டி வரும் கதையில்தான் திருத்தம் வேண்டும். சாதாரண சுகியைவிட இத்தனை சதவீதம் வலிமை, இத்தனை மடங்கு அடர்த்தி என்று எண்கள் சேர்ந்து வருகின்றன. அவற்றுக்கு மூலம் எதையும் யாரும் காட்டுவதில்லை. காடுகளைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழி என்பதும் நம் காலத்துக் கவலையை அவர்கள் தலையில் ஏற்றுவதுதான். அவர்களுக்குத் தேவைப்பட்டது கைமரம். நிறையக் கைமரம், மெல்லியதாக, சீக்கிரமாக.

நம் விவசாயிக்கு மறுதாம்பு தெரியும். அறுத்த கரும்பின் அடிக்கட்டையிலிருந்தே அடுத்த போகம் எழுகிறது. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் திறமை கிடையாது. தண்டை வெட்டினால் அத்தோடு முடிந்தது. கிதாயாமாவின் சுகி வகைக்கு அது உண்டு. இளம் மரத்தின் தலையை வெட்டி, அடியில் சில கிளைகளை மட்டும் விட்டுவைத்தால், அந்தக் கிளைகளின்மேல் புதிய தண்டுகள் நிமிர்ந்து எழும். அவற்றில் நல்லவற்றை நிறுத்தி, மற்றவற்றைக் கழித்து, சில ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால், சுமார் இருபது ஆண்டில் கைமரம் தயார். அதை வெட்டி எடுத்துவிட்டு அடுத்ததை வளர்க்கலாம். புதுக்கன்று நடவேண்டாம், களை வெட்டவேண்டாம், சரிவின் மண்ணைக் கலைக்கவேண்டாம். ஏற்கெனவே நிலைத்த வேர், புதுத் தண்டுகளுக்குச் சோறு போடும்.

இந்தக் குணம் காட்டிலேயே தெரிந்த ஒன்று. கியோட்டோவுக்கு வடக்கே கதானாமி ஆற்றின் தலைப்பகுதியில், ஒருகாலத்தில் அரசவைக்கு மரம் கொடுத்த காட்டில், சுற்றளவு பத்து மீட்டரைத் தாண்டும் கிழட்டுச் சுகி மரங்கள் இன்றும் நிற்கின்றன. பனியில் தாழ்ந்து மண்ணைத் தொட்ட கிளைகள் வேர்விட்டன. மேலே எழுந்த தண்டுகளை மனிதர்கள் வெட்டிக்கொண்டு போனார்கள். அடிமரம் மறுபடி தழைத்தது. நூற்றாண்டுகளின் வெட்டுத்தழும்பு ஒவ்வொரு மரத்திலும் இருக்கிறது. டாய்சுகி என்பது அந்தத் தழும்பை ஒழுங்காக்கிய தொழில் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இன்று கிதாயாமாவில் தூணுக்கு வளர்வது பெரும்பாலும் ஓர் அடிமரத்துக்கு ஒரே தண்டு என்ற முறையில்தான். தேநீர் அறை கட்டுவோர் குறைந்தபின் டாய்சுகியின் வாழ்வு தோட்டத்துக்கு மாறிவிட்டது. பணக்கார வீட்டு முற்றத்திலும் உணவக வாசலிலும் அழகுமரமாக நிற்கிறது. உயிரோடு இருக்கிறது, ஆனால் பிறந்த வேலையைச் செய்யவில்லை.

நெருக்கி நட்ட யோஷினோ

கிதாயாமா கத்தியால் செய்ததை, நாரா மாகாணத்தின் யோஷினோ நெருக்கத்தால் செய்தது. அங்கே கவாகாமி ஊரில் 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே மரம் நடத் தொடங்கிவிட்டதாகச் சொல்வார்கள். அந்த ஊரின் ஷிமோதாகோ பகுதியில் சுமார் நானூறு வயதுள்ள, மனிதர் நட்ட சுகி மரங்கள் இன்னும் நிற்கின்றன.

ஜப்பானில் பொதுவாக ஒரு ஹெக்டேருக்கு 3,000 கன்று நடுவார்கள். யோஷினோவில் 8,000 முதல் 12,000 வரை. ஒரு கன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மீட்டர்தான். பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் கன்றுகள் ஒன்றை ஒன்று முந்தி வெளிச்சத்தைத் தேடி மேலே போகின்றன. கீழ்க்கிளைகள் நிழலில் மெலிந்து சிறுத்தே நின்றுவிடுகின்றன. வளையம் நூலிழைபோல நெருங்குகிறது. ஆனால் இந்த நெருக்கத்தை அப்படியே விட்டால் காடு மூச்சுத் திணறிப்போகும். ஆகவே சில ஆண்டுக்கு ஒருமுறை கலைத்துக்கொண்டே வருவார்கள். எந்த மரம் போகவேண்டும், எது இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தீர்ப்பு. நூறு வயதில் சில நூறு மரங்களே எஞ்சும். வழியில் வெளியேறியவை எதுவும் வீணில்லை; சாரக் கம்பாக, துணி காயப்போடும் கழியாக, கைமரமாக, தூணாக வயதுக்கேற்ற விலைக்குப் போயின.

எண்பது, நூறு ஆண்டு காத்திருந்ததற்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார்: மது. நாதா, இதாமி ஊர்களில் தயாரித்த அரிசி மது பீப்பாய்களில் ஏறி, கப்பலில் எதோ நகரத்துக்குப் போனது. இன்றைய தோக்கியோதான் அன்றைய எதோ. வளையம் சீராக, நெருக்கமாக, கணு இல்லாமல் இருக்கும் பலகையில்தான் மது கசியாது. அதன் மணமும் மதுவில் நன்றாக ஏறியது. பீப்பாய்ப் பலகை செதுக்கி மிஞ்சிய துண்டுகள் பிற்காலத்தில் உணவுக் குச்சிகளாயின. வெட்டிய மரத்தை இலையோடு மாதக்கணக்கில் காட்டிலேயே கிடத்தி ஈரம் வற்றவிடும் பழக்கமும் இங்கே உண்டு. எடை குறையும், நிறம் தெளியும். பிறகு தெப்பமாகக் கட்டி யோஷினோ ஆற்றில் மிதக்கவிட்டு வாகாயாமாக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

நூறு ஆண்டு காத்திருக்க மலைக்கிராமத்து ஏழையால் முடியுமா? முடியாது. அதற்கு அவர்கள் கண்ட ஏற்பாடு என்னை மரத்தைவிட அதிகம் வியக்கவைக்கிறது. சமவெளி வணிகர்கள் காட்டுக்கு முதல் போட்டார்கள். ஊரார் ‘யாமாமோரி’ என்ற காவலர்களாகக் காட்டைப் பராமரித்தார்கள். மரம் விற்கும்போது ஒரு சிறு பங்கு காவலருக்கு. அப்பன் நட்டதை மகன் கலைத்து, பேரன் வெட்டும்போது பங்கு வாங்குவான். காட்டின் சொந்தக்காரர் கைமாறினாலும் காவல் குடும்பம் மாறாது. எந்தச் சரிவில் எந்த மரத்துக்கு என்ன வயது என்ற நினைவு அந்தக் குடும்பத்திடம் இருந்தது.

இந்த முறையை நாடு முழுக்கப் பரப்பியவர் கவாகாமியின் தோகுரா ஷோசாபுரோ (1840–1917). மலைக்குச் சாலை போட்டார், மக்களுரிமை இயக்கத்துக்குப் பணம் கொடுத்தார், கல்விக்கூடங்களுக்கு அள்ளிக் கொடுத்தார். யோஷினோ முறையை விளக்கும் பெருநூல் அவர் மேற்பார்வையில் 1898-ல் வந்தது. அவர் மறைந்தபின் 1921-ல், காட்டியல் அறிஞர் ஹோந்தா செய்ரோகு முன்னின்று, ஊருக்கு அருகே ஒரு பாறைமுகத்தில் அவர் புகழைப் பெரிய எழுத்துகளில் செதுக்கவைத்தார்.

நேரான மரம்தான் எல்லோருக்கும் இலட்சியம் என்று எண்ணிவிட வேண்டாம். தெற்கே மியாசாகி மாகாணத்து ஓபியில் இதே சுகியை மிகவும் தள்ளித் தள்ளி நட்டார்கள். அங்கே தேவைப்பட்டது படகுப்பலகை. தாராளமான இடத்தில் சீக்கிரம் பருத்து, எண்ணெய்ப்பசையோடு வளைந்து கொடுக்கும் மரம் அவர்களுக்கு உகந்தது. நெருக்கத்தால் மரம் எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்க, 1970-களில் அதே பகுதியில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு சோதனைக் காடு நட்டார்கள். நடுவில் நெருக்கம், வெளியே போகப்போக இடைவெளி. இன்று வானிலிருந்து பார்த்தால் மலைமேல் பச்சை வளையங்களாகத் தெரிகிறது. ஓபி, யோஷினோ, கிதாயாமா மூன்றும் வளர்த்தது ஒரே மரம். மூன்று வெவ்வேறு மரங்களாக அவை ஆனதற்குக் காரணம், கடைசியில் அதை வாங்கப்போகும் கை.

வாங்கும் கை விலகியபோது

இரண்டாம் உலகப்போர் ஜப்பானின் நகரங்களை எரித்தது. மலைகளும் மொட்டையாகியிருந்தன. வீடு கட்ட மரம் வேண்டும் என்று அரசு மலைமலையாக சுகியையும் ‘ஹினோகி’ என்ற இன்னோர் ஊசியிலை மரத்தையும் நடவைத்தது. இயற்கையான இலையுதிர் காடுகளை வெட்டிவிட்டும் நட்டார்கள். இன்று ஜப்பானின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அந்தக் காட்டில் சுமார் 40 சதவீதம், ஏறக்குறைய ஒரு கோடி ஹெக்டேர், மனிதர் நட்டது. அதில் சுகி மட்டும் 44 லட்சம் ஹெக்டேர்.

நட்டவர்கள் யோஷினோவின் கன்றைக் கொண்டுபோனார்கள்; யாமாமோரியைக் கொண்டுபோகவில்லை. கலைக்க ஆள் வேண்டும் என்பதற்கு ஏற்பாடு இல்லை. 1964-ல் மர இறக்குமதி முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மரம் மலிவாக வந்து குவிய, உள்ளூர் மரத்தின் பங்கு 2002-ஐ ஒட்டி 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கலைத்தால் கூலிக்குக்கூடத் தேறாது என்ற நிலையில் காடுகளைக் கைவிட்டார்கள். கைவிட்ட நெருக்கக் காட்டின் உள்ளே போனால் பட்டப்பகலிலும் இருட்டு. தரையில் புல் இல்லை, மழையில் மண் கரைகிறது. மரங்கள் நேராகத்தான் நிற்கின்றன; குச்சிபோல, காற்றுக்குத் தாங்காமல். அண்மைய ஆண்டுகளில் உள்ளூர் மரத்தின் பங்கு 40 சதவீதத்தை ஒட்டி மீண்டிருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் எங்கே? 1980-ல் காட்டு வேலையில் இருந்தவர்கள் சுமார் 1,46,000 பேர். 2020-ல் சுமார் 44,000.

மரங்கள் முதிர்ந்து பூத்தபோது இன்னொரு விலை கொடுக்க நேர்ந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் சுகி மகரந்தம் மஞ்சள் புகையாக நகரங்கள்மீது இறங்குகிறது. 2019-ல் எடுத்த நாடுதழுவிய ஆய்வில் 38.8 சதவீதம் பேருக்கு சுகி மகரந்த ஒவ்வாமை இருப்பதாகத் தெரிந்தது. 2023-ல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது: நட்ட சுகிக் காட்டின் பரப்பைப் பத்தாண்டில் இருபது சதவீதம் குறைப்பது, முப்பது ஆண்டில் மகரந்தத்தைப் பாதியாக்குவது. ஒரு தலைமுறை பெருமையோடு நட்ட மரத்தை அடுத்த தலைமுறை முகக்கவசம் போட்டுக்கொண்டு சபிக்கிறது. சபிக்கப்படவேண்டியது மரம் இல்லை. நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத அந்த அவசரம்.

கிதாயாமாவின் துயரம் வேறு மாதிரியானது. அங்கே காட்டை யாரும் அலட்சியம் செய்யவில்லை. 1980-களின் இறுதியில் பணப்புழக்கம் உச்சத்தில் இருந்தபோது தூண்கள் நல்ல விலைக்குப் போயின. பிறகு வீடுகள் மாறின. அடுக்குமாடிக் குடியிருப்பில் விருந்தினர் அறை இல்லை. அறை இல்லாததால் மாடம் இல்லை. மாடம் இல்லாததால் தூண் இல்லை. முப்பது ஆண்டு முன்பு தாத்தா நட்டதை வெட்டும் வயது வந்தபோது அதை நிறுத்த ஒரு மூலையும் இல்லாமல் போனது. 2020 டிசம்பரில் ஜப்பானின் மரக் கட்டடக்கலைத் திறன்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நல்ல செய்திதான். பட்டியல் தூண் வாங்காது.

வாங்கும் கை உறுதியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஜப்பானிலேயே சான்று இருக்கிறது. ஈசே பெருங்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். 690-ல் தொடங்கிய வழக்கம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைபட்டு மறுபடி உயிர்பெற்றது. ஒவ்வொரு முறையும் சுமார் 10,000 ஹினோகி மரங்கள் தேவை. சொந்த மலையின் மரங்கள் தீர்ந்துபோய்ப் பல நூற்றாண்டாகக் கிசோ மலையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள், 1923-ல் 200 ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுத்துத் தங்கள் காட்டை வளர்க்கத் தொடங்கினார்கள். பெருமரமாகப்போகும் மரத்துக்கு இரட்டைக் கோடு, அடுத்த தகுதிக்கு ஒற்றைக் கோடு என்று தண்டிலேயே வண்ணம் பூசி, அவற்றின் தலைக்கு வெளிச்சம் கிடைக்கும்படி சுற்றியுள்ளவற்றைக் கழிக்கிறார்கள். அந்தக் காட்டில் கலைத்தெடுத்த மரங்கள் 2013-ல் புதுக்கோயிலில் முதல்முறையாகப் பயன்பட்டன. அடுத்தது 2033-ல். யாருக்காக வளர்க்கிறோம், எந்த ஆண்டு வெட்டப்போகிறோம் என்று தெரிந்தவர்களின் கத்தி தயங்குவதில்லை.

நாககாவாவுக்கு அப்படி ஒரு கோயில் வாடிக்கையாளர் இல்லை. இருப்பவர்கள் புதிய கட்டடக் கலைஞர்களைத் தேடுகிறார்கள். உணவகத்துக்கும் விடுதிக்கும் கடைக்கும் தூண் கொடுக்கிறார்கள். டாய்சுகியைத் தோட்டங்களுக்கு விற்கிறார்கள். ஜப்பான் முழுவதும் வெட்டிய காட்டில் பாதிக்கும் குறைவான இடத்தில்தான் இன்று மறுபடி கன்று நடப்படுகிறது; நட்டதையும் மான்கள் மேய்ந்துவிடுவதால் வேலி போட்டாகவேண்டும், அந்தச் செலவு கன்றின் விலையைத் தாண்டும். நாககாவாவில் இந்த வசந்தத்தில் ஒருவர் போத்து நட்டால் முதல் கவாத்துக்கு ஏணி வைக்க ஆறேழு ஆண்டு ஆகும். தூண் கைக்கு வரும்போது 2050-கள் பிறந்திருக்கும். நடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.